ஜீப்பின் புகையும் மல்லாட்டை ஊரும்

ஒலக்கூர்

மதுராந்தகம் ஏரிக்கரை வரைக்கும் பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அச்சிறுப்பாக்கம் தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. பின்னால் யாரும் இல்லை. எல்லோரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்து போயிருந்தார்கள். சுங்கச்சாவடியில் நின்ற பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, "சீக்கிரம் எடுங்க சார்" என்றார். நண்பர் அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். சாவடிக் கூரைக்குக் கீழே கரும்புகை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எங்களோடு கிளம்பியது.

ஜீப் நண்பருடையது. மஹிந்திரா எம்.எம். 540. அவருடைய அப்பா விக்கிரவாண்டிப் பக்கம் கரும்பு போட்டிருந்த காலத்தில் வாங்கியது. நிலம் கைமாறிவிட்டது, அப்பாவும் இல்லை. ஜீப் மட்டும் சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. எப்போதாவது எடுத்தால் மேல்தளங்களில் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்தப்படும். இந்தத் தடவை செஞ்சிக்குப் போகிற வழியில் திருவக்கரையையும் மண்டகப்பட்டையும் பார்ப்பது என்று ஏற்பாடு. கிளம்புமுன் நகரத்தில் ஒரு பட்டறையில் காட்டினோம். வண்டி உள்ளே நுழையும்போதே, "எஞ்சினை இறக்கி போர் பண்ணணும்" என்றார்கள். சொன்ன தொகை ஜீப்பின் விலையை நெருங்கியது.

"இது ஓடினது பூரா தென்னாற்காட்டு மண்ணுல. அங்கேயே எவனாவது ஒருத்தன் பார்த்துச் சொல்லுவான்" என்று நண்பர் சாவியை வாங்கிக்கொண்டார்.

மஹிந்திரா 1947-இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. உடம்பு அந்த யுத்தகால ஜீப்பின் வழிவந்ததுதான். 540-இன் வயிற்றில் இருப்பதோ பிரெஞ்சுச் சரக்கு: பெஜோ கம்பெனியின் எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2,112 சி.சி. பிரான்சில் இதே எஞ்சின் பெஜோ 504 என்ற குடும்பக் காரில் ஓடியது. பாரிஸ் தெருவில் ஓடவேண்டியது பனையும் பாறையும் கிடக்கிற இந்த வறண்ட சீமையில் கரும்புக் கட்டு சுமந்ததை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். திண்டிவனத்தில் இறங்கிய பிறகுதான், பிரான்சுக்கும் இந்த ஊருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் இதைவிட ரொம்பப் பழையது என்பது நினைவுக்கு வந்தது.

ஒலக்கூர்ப் பக்கம் வந்தபோது இரண்டு புறமும் நிலம் முரடாகிவிட்டது. யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி கரும்பாறைக் குவியல்கள். நடுவே மாசி மாதத்து மல்லாட்டைக் கொல்லைகள். இங்கே வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். பெண்கள் வரிசையாகக் குந்தி, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் புகை அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஒரு கிழவி தலை நிமிராமலே கையை வீசி விரட்டினாள்.

திண்டிவனம்

மரக்காணம் சாலையில் விசாரித்தபோது மூன்று பேர் ஒரே பட்டறையைச் சொன்னார்கள். தகரக் கொட்டகை. வாசலில் வேப்பமரம், அதன் கீழே சக்கரம் கழற்றிய டிராக்டர். பக்கத்துக் கட்டடம் எண்ணெய் மில். செக்கில் ஆட்டும் கடலையின் வாசனையும் எரிந்த டீசலின் வாசனையும் அந்த இடத்தில் கலந்துதான் மூக்கில் ஏறின.

மேஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். மடித்துக் கட்டிய லுங்கி, காதில் ஸ்க்ரூ டிரைவர். பானட்டைத் திறக்கப்போன நண்பரைக் கையமர்த்தினார்.

"ஆப் பண்ணி வுடுங்க சார். சூடு ஆறட்டும். ஆறினப்புறம் ஸ்டார்ட் பண்ணுவோம். முத புகைய நான் பாக்கணும்."

அது ஆறுவதற்குள் கேள்விகள். காலையில் எடுக்கும்போது என்ன நிறம்? மேடு ஏறும்போது? ஆயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுகிறீர்கள்? தண்ணீர் குறைகிறதா? நண்பருக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. புகை என்றால் புகை என்றுதான் அவர் நினைத்திருந்தார். நானும்தான்.

பெட்ரோல் எஞ்சினில் ப்ளக் பொறி விட்டுப் பற்றவைக்கும். டீசலில் பொறியே கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நசுக்கினால் அது தானாகக் கொதிப்பேறும். அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் பனியாகத் தூவவேண்டும். தூவியது அத்தனையும் உள்ளேயே எரிந்து தீர்ந்தால் கண்ணுக்குப் புகை தெரியாது. எரியாமல் ஆவியாகவே வெளியேறினால் வெள்ளை: எஞ்சின் சில்லிட்டிருக்கிறது, அல்லது ஹீட்டர் ப்ளக் செத்திருக்கிறது, அல்லது டீசல் நேரம் தவறி விழுகிறது. தண்ணீர் கசிந்தாலும் வெள்ளைதான், ஆனால் அதில் டீசல் நெடி இருக்காது. டீசலுக்கு ஈடான காற்று இல்லாமல் அரைகுறையாக எரிந்தால் கருப்பு. எஞ்சின் ஆயிலே உள்ளே புகுந்து எரிந்தால் நீலம். போர் பண்ணுவது, ரிங் மாற்றுவது என்ற பெரிய செலவெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவதற்குத்தான். மேஸ்திரி இதைப் பாடமாக எடுக்கவில்லை. அவர் கேட்ட கேள்விகளைப் பின்னால் வரிசைப்படுத்திப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது இது.

ஆறியதும் ஸ்டார்ட் பண்ணினார். குபுகுபுவென்று வெள்ளை. சைலன்ஸருக்குக் குறுக்கே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, முகர்ந்து பார்த்தார். "டீசலு. தண்ணி இல்ல." கண் எரிந்தது, எங்களுக்கு. அவர் இமைக்கவில்லை. அடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைத்தார்.

"ரிங் போயிருந்தா இங்க குப்புகுப்புன்னு தள்ளும். தள்ளுதா பாருங்க. இந்த எஞ்சினை எவன் சார் இறக்கச் சொன்னான்?"

நண்பர் பதில் சொல்லவில்லை. முகத்தில் மட்டும் வெளிச்சம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றினார். பழைய ஜீப்பில் அது அடியில் ஆயில் நிற்கிற உருளை. உள்ளே போகும் காற்று அந்த ஆயிலில் உரசி, தூசியை அங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். எங்கள் உருளையில் ஆயில் இல்லை. செம்மண் குழம்பு இருந்தது. கல்குவாரிப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் மாதத்துக்கு ஒருமுறை இதைக் கழுவுவார்களாம். இது எத்தனை வருடத்து மண்ணோ. டீசலில் அலசிப் புது ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றிப் பூட்டினார். ஆக்சிலேட்டரை அழுத்தினால் முன்பு கட்டியாக வந்த கருப்பு இப்போது பாதி.

மீதிக்கு ஒரு சோதனை செய்தார். பார்க்க அழகாக இருந்தது. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். முதலாவதைத் தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறியது. இறுக்கினார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஓட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை. சைலன்ஸரில் மட்டும் புகை சட்டென்று மெலிந்தது.

"இவன்தான். சும்மா குந்திக்கினு டீசல ஒழுக வுட்டுக்கினு இருக்கான்."

நாசிலைக் கழற்றிப் பரிசோதிக்கும் மெஷின் அவரிடம் இல்லை. விழுப்புரத்தில் ஒரு பெரியவரைச் சொன்னார். பஸ் டெப்போவில் பம்பு செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். "என் பேரச் சொல்ல வேணாம். புகையப் பத்திச் சொல்லுங்க, போதும்." கூலியாக அவர் கேட்டதற்குச் சென்னையில் வண்டியைக் கழுவக்கூட மாட்டார்கள்.

அவருடைய அப்பா கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சின்களைப் பழுதுபார்த்தவராம். இலவச மின்சாரம் வருமுன் இந்தப் பக்கத்துக் கிணறுகளில் பாதி டீசலில்தான் இறைத்தன. நடுநிசியில் எஞ்சின் நின்றால் கொல்லைக்குப் போய் லாந்தர் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். லாந்தர் வெளிச்சத்தில் புகையின் நிறம் எங்கே தெரியும்? "நெடியில கண்டுபுடிப்பாரு" என்றார் மகன்.

பக்கத்து மில்லில் மூட்டை மூட்டையாகக் காய் இறங்கிக்கொண்டிருந்தது. கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், சீசன் தொடங்கிவிட்டது. இந்த ஊருக்கும் மல்லாட்டைக்கும் உள்ள உறவு வியாபாரத்தோடு முடிவதில்லை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகங்கள் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று இந்தியா முழுக்க விதைக்கப்பட்டவை. அந்த மூன்று எழுத்தும் திண்டிவனம்தான்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டு மல்லாட்டை வண்டி வண்டியாகப் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. அங்கே எண்ணெயானது, சோப்பானது. 1900-இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் ஓட்டோ கம்பெனி ஒரு சிறிய டீசல் எஞ்சினை வைத்திருந்தது. அது கடலை எண்ணெயில் ஓடியது. பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கொண்டதால் நடந்த ஏற்பாடு அது. குடியேற்ற நாடுகளில் விளைவதையே ஊற்றி அங்கேயே எஞ்சின் ஓட்ட முடியுமா என்று பார்த்தார்கள். எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே 1912-இல் ஓர் உரையில் இதைச் சொல்லியிருக்கிறார். பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். அந்த எண்ணெய் எந்த நாட்டுக் கடலையோ. இந்த ஊரில் நின்றுகொண்டு, ஏன் இந்த ஊர்க் கடலையாக இருக்கக்கூடாது என்று ஆசைப்பட எனக்கு உரிமை உண்டு.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் அதிசயப்படவில்லை.

"எரியும் சார், ஏன் எரியாது? ஆனா நாசில்ல பிசின் கட்டிக்கும். அப்புறம் லிட்டரு இன்னா விலைன்னு மில்லுல கேட்டுப் பாருங்க. டீசலே தேவலாம்னு ஓடுவீங்க."

எதிர்க்கடையில் இட்லிக்கு மல்லாட்டைச் சட்னி வைத்தார்கள். வறுத்த காய், காய்ந்த மிளகாய், பூண்டு. தேங்காய் கிடையாது. சென்னையில் சட்னி என்ற பெயரில் தினமும் தின்கிற வெள்ளைத் தண்ணீரை நினைத்து வருத்தமாக இருந்தது. கடைக்காரம்மா கேட்காமலே இரண்டாவது கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

திருவக்கரை

கூட்டேரிப்பட்டில் பெருஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினோம். மயிலத்தில் முருகன் கோயில் குன்றின்மேல் தெரிந்தது. படியேறவில்லை. வெயில் ஏறிவிட்டிருந்தது.

பெரும்பாக்கம் தாண்டி உள்ளே போகப்போகச் சாலையின் நிறமே மாறியது. மரங்களின் இலை வெளுப்பு, ஓட்டுக்கூரைகள் வெளுப்பு, எதிரே வருகிறவர் புருவம் வெளுப்பு. கிரஷர்கள். மலையைப் பிளந்து ஜல்லியாக்கிப் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் அனுப்புகிற ஊர் இது. டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நண்பர் ஒவ்வொன்றின் சைலன்ஸரையும் பார்த்து நிறம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். புதிதாகக் கற்றவர்களின் வழக்கம்.

இத்தனைக்கும் நடுவில், வேலிக்குள் அமைதியாகப் படுத்திருக்கின்றன கல்மரங்கள். இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் என்று கணக்கு. 1781-இல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி எழுதினார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பூங்காவாக்கிக் காவலுக்கு எடுத்துக்கொண்டது. பட்டை இல்லை, கிளை இல்லை, வேர் இல்லை. எங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு உரிந்து இங்கே வந்து மணலில் புதைந்தவை. மரத்தின் சதை கரையக்கரைய அந்த இடத்தில் மணற்சத்து ஏறிக் கல்லாகிவிட்டது. ஆண்டு வளையம் தெரிகிறது, கணு தெரிகிறது. தட்டினால் உலோகத்தைத் தட்டியதுபோல் கணீரென்கிறது. புளியமரத்துக்கும் ஆமணக்குக்கும் தூரத்து உறவுள்ள மரங்கள் இவற்றில் உண்டு என்கிறார்கள். உறவுக்காரப் புளியமரம் ஒன்று வேலிக்கு வெளியே தூசி படிந்து நின்றது.

காவலாளி, "இதெல்லாம் இன்னும் கொஞ்ச வருசம் பூமிக்குள்ள கெடந்திருந்தா பெட்ரோல் ஆயிருக்கும் சார்" என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வாராம். ஆகியிருக்காது. பெட்ரோலும் டீசலும் பெரும்பாலும் பழைய கடல்களில் மிதந்து செத்த நுண்ணுயிர்கள் அடிமண்ணில் வெந்து உண்டானவை. மரம் புதைந்து மாறினால் நிலக்கரி, இங்கேபோல் மாறினால் கல். எடுத்துச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது அடுத்து வந்த குடும்பத்திடம் பெட்ரோல் கதையை ஆரம்பித்தது காதில் விழுந்தது.

கல்லான மரத்துக்கு வேலி இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் கல்லாகவே பிறந்தது நாள் முழுக்க நொறுங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஆட்கள் முகத்தில் ஒரு ஈரத்துண்டைத் தவிர வேறெதுவும் கட்டியிருக்கவில்லை. எங்கள் ஜீப்பின் ஏர் ஃபில்டரை வருடக்கணக்கில் அடைத்த அதே தூசியை அவர்கள் நெஞ்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. நெஞ்சைக் கழற்றி டீசலில் அலச வழி இல்லை.

விக்கிரவாண்டி

இங்கே நிற்கவேண்டாம் என்றுதான் இருந்தோம். நெடுந்தூரப் பேருந்துகள் நிறுத்துகிற ஓட்டல்களின் சாம்பாரைப் பற்றித் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் சாலையோரம் ஒரு அம்மா பானையில் கூழ் வைத்திருந்தார். சின்ன வெங்காயம், மோர்மிளகாய், வறுத்த கருவாடு. கருவாடு மரக்காணத்தில் உலர்ந்தது. நண்பர் தன் அப்பாவின் நிலம் இருந்த திசையைக் காட்டினார். இப்போது அங்கே மனைப்பிரிவுக் கற்கள். கூழ்க்காரம்மா எங்கள் ஜீப்பைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டியில எங்க மாமனாரு முண்டியம்பாக்கம் மில்லுக்குக் கட்டு ஏத்திக்கினு போவாரு" என்றார். இதே ஜீப்பா, இதுமாதிரி ஜீப்பா என்று நண்பர் கேட்கவில்லை. இன்னொரு செம்பு வாங்கிக் குடித்தார்.

விழுப்புரம்

சென்னையிலிருந்து தெற்கே போகிற ரயிலில் விழுப்புரம் என்பது ஒரு நீண்ட பிளாட்பாரம், அவ்வளவுதான். காபி, டிபன், மறுபடி தூக்கம். ஊரை யாரும் பார்ப்பதில்லை. ஐந்து திசையிலிருந்து தண்டவாளங்கள் வந்து கூடுகிற சந்திப்பு இது. 1879-இல் இங்கிருந்து புதுச்சேரிக்கு ரயில் விட்டபிறகு, வண்டிமாடுகள் இழுத்துக்கொண்டிருந்த மல்லாட்டை மூட்டைகள் கடலுக்குப் போக இன்னொரு வழி கிடைத்தது. 1993-இல் தென்னாற்காட்டைப் பிரித்து இந்த ஊரைத் தலைநகராக்கினார்கள். இன்றைக்கும் இங்கே வயதானவர்கள் வாயில் மாவட்டத்தின் பெயர் தென்னாற்காடுதான்.

பெரியவரின் இடம் ஒரு சிறிய அறை. பலகையில் "பம்பு - நாசில் சர்வீஸ்" என்று மட்டும் எழுதியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். கதவு எப்போதும் சாத்தியே இருக்கவேண்டும். தூசி ஆகாது. கிரீஸ் படிந்த பட்டறைகளையே பார்த்து வந்த கண்ணுக்கு அந்த அறை பல் டாக்டர் கிளினிக் மாதிரி இருந்தது. எழுபதை நெருங்குகிறவர், வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. விழுப்புரம் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்தவர். 1997-க்கு முன் அது தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார்.

"டெப்போல தினம் காலைல கே.எம்.பி.எல். பாப்போம் தம்பி. ஒரு லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர் குடுத்துச்சின்னு. கொறைஞ்ச வண்டி எதுன்னு கணக்குல தெரியறதுக்கு முன்னாடி, கேட்டுல வெளிய போறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும்."

புகையைப் பற்றிச் சொன்னோம். திண்டிவனத்தில் சொல்லச் சொன்னபடி நிறத்தோடு சொன்னோம். தலையாட்டினார். அவரிடம் வேலை கற்கும் இளைஞன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். நாலு நாசிலையும் கழற்றிக்கொண்டு வந்தான்.

சோதிக்கும் கருவி பார்க்க எளியது. ஒரு கைப்பிடி, ஒரு கடிகாரம், கீழே ஒரு கண்ணாடிக் குவளை. நாசிலைப் பூட்டிக் கைப்பிடியை அழுத்தினால் அழுத்தம் நூறு பாரைத் தாண்டி ஏறும். ஒரு புள்ளியில் நாசில் திறந்து டீசலைத் தூவும். கைப்பிடியை அழுத்துமுன் என் கையைப் பிடித்து நகர்த்தினார். "கிட்ட வெக்காத. தோலத் தொளைச்சிக்கினு உள்ள போயிடும். ரத்தம் வராது. கை அழுவும்." முதல் நாசில் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டுப் பனிக்குடை விரித்தது. அந்தச் சத்தம் வந்தால்தான் ஊசி தடையில்லாமல் ஆடுகிறது என்று அர்த்தம். இரண்டாவதும் நாலாவதும் பாடின. மூன்றாவது சத்தமே போடவில்லை. திறக்கவேண்டிய புள்ளிக்கு வெகு முன்பே திறந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து பீய்ச்சியது. பீய்ச்சி முடிந்தபிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருந்தது.

"அந்தச் சொட்டுதான் உங்க கருப்புப் புகை" என்றார்.

நாசிலை மட்டும் மாற்றினால் போதும். ஹோல்டர் நன்றாக இருந்தது. அடியில் வைக்கும் காப்பர் வாஷர் நாலும் புதிது. ஹீட்டர் ப்ளக்குகளை பல்ப் கொடுத்துப் பார்த்ததில் ஒன்று செத்திருந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது, பெரியவர் எழுந்து வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். பம்பு பூட்டியிருந்த இடத்தில் குனிந்து, விரலால் அழுக்கைத் துடைத்து, பழைய குறியைத் தேடினார்.

"இத யாரோ கொஞ்சம் பின்னால தள்ளி வெச்சிருக்காங்க. சத்தம் கம்மியாவட்டும்னு செஞ்சிருப்பாங்க."

பழைய டீசல் எஞ்சினின் தடதடப்பு பலருக்குப் பிடிப்பதில்லை. டீசல் விழும் நேரத்தைச் சற்றுத் தாமதமாக்கினால் தடதடப்பு அடங்கும், ஓட்டுகிறவருக்கு எஞ்சின் சாதுவாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் எரிய நேரம் போதாது. சில்லிட்டிருக்கும்போது வெள்ளையாகவும் சுமையேற்றினால் கருப்பாகவும் கக்கும். பிக்கப் போய்விடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சத்தத்துக்கு வந்த புகாரை யாரோ இப்படித் தீர்த்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாகப் புகைக்குப் புகார் வந்திருக்கிறது. நகரத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றுக்குத் திட்டு வாங்கியே ஆகவேண்டும் போல.

டைமிங்கைச் சரிசெய்யப் பொழுது போய்விட்டது. நடுவே அவர் வீட்டிலேயே சாப்பாடு. கேழ்வரகுக் களி, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. அவருடைய மனைவி, "பட்டணத்துல இதெல்லாம் திம்பீங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த உருண்டையை வைத்தார். பெரியவர் சாப்பிடும்போது பேசவில்லை. நடுவில் ஒருமுறை மட்டும், வெளியே போன ஏதோ வண்டியின் சத்தத்துக்குக் காது கொடுத்து, "டேப்பட்டு லூசு" என்று முணுமுணுத்தார்.

புகைச் சான்றிதழுக்கும் போனோம். டீசல் வண்டிக்குச் சோதனை என்பது வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து மிதித்து விடுவது. சைலன்ஸருக்குள் விட்ட குழாய் புகையின் அடர்த்தியை அளக்கும். எங்களுடையது மாதிரி பழைய வண்டிகளுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ். பி.எஸ். 4 தரத்தில் வந்தவற்றுக்கு 50. நாங்கள் அந்த இரண்டாவது வரம்புக்குள்ளேயே வந்தோம். நண்பர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேர்வில் பாஸான பையன் மாதிரி நின்றார். டெல்லியாக இருந்தால் இந்தச் சீட்டுக்கும் மதிப்பில்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளை நிறுத்தச் சொன்னது. கண்மூடித்தனம் என்று நண்பர் கோபப்படுவார். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2012-இல் ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்திவிட்டது. சுங்கச்சாவடிப் பெண் துப்பட்டாவை எடுத்ததில் தப்பேதும் இல்லை. என் வருத்தமெல்லாம், வயதைப் பார்த்து ஒதுக்கத் தெரிந்த அளவுக்குப் புகையைப் பார்த்துச் சரிசெய்ய நகரத்தில் ஆள் இல்லையே என்பதுதான். எட்டு வயது வண்டி ஒன்று ஒரு சொட்டு ஒழுகும் நாசிலோடு எந்தத் தடையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

மண்டகப்பட்டு

மறுநாள் காலை செஞ்சி சாலை. சுமையில் எப்படி இழுக்கிறது என்று பார்த்து வரச்சொல்லிப் பெரியவர் அந்த இளைஞனை எங்களோடு அனுப்பிவைத்தார். அவன் பின்னிருக்கையில் திரும்பி உட்கார்ந்து, வண்டிக்குப் பின்னால் விரிந்த சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு புறமும் கரும்பும் நெல் அறுத்த தாளும். எஞ்சின் தடதடவென்று பழைய குரலில் பேசியது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

"வெள்ளை இல்ல சார்."

ஒரு மேட்டில் நண்பர் கியரை இறக்காமல் மிதித்தார்.

"லேசா கருப்பு. போயிடுச்சி. இப்ப சுத்தம்."

மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைக் கோயில், சாலையிலிருந்து விலகி ஒரு பாறை முகத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் வாயிற்காவலர், உள்ளே பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு மூன்று வெற்று அறைகள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் இது என்று மன்னனே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறான். இளைஞன் முதல்முறையாக அங்கே வருகிறான். பதினைந்து மைலுக்குள் பிறந்து வளர்ந்தவன். உலோகம் இல்லாமல் என்றதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தான்.

"உளி இரும்புதான சார்?"

கட்டடத்தில் உலோகம் இல்லை என்றுதான் மன்னன் சொல்கிறான் என்று விளக்கினேன். அவன் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. தூணில் உளி பட்ட தடங்களை விரலால் தடவி, ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் அளந்தான். "ஒரே ஆள் கை இல்ல இது" என்றான்.

கிளம்பும்போது வண்டி ஆறியிருந்தது. ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுச் சைலன்ஸர் அருகே குந்தினான். மெல்லிய நீலம் ஒரு இழை, ஒரு நிமிடத்தில் கரைந்தது. வால்வ் சீல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்றான். என்றைக்காவது ஹெட்டைக் கழற்றினால் அதோடு மாற்றிக்கொள்ளலாம், இப்போது தொடவேண்டாம், ஆயில் கோட்டை மட்டும் வாராவாரம் பாருங்கள். பெரியவர் சொல்லி அனுப்பியதா, அவனுடைய சொந்த முடிவா, தெரியவில்லை. நண்பர் கூலி கொடுத்தபோது எண்ணாமல் பையில் வைத்தான்.

சாலைக்கு வந்து விழுப்புரம் திரும்ப ஒரு கரும்பு டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தினான். ஓட்டுநர் தெரிந்தவர் போல. கட்டுக்கு மேல் ஏறி உட்கார்ந்தான். டிராக்டர் உறுமிக்கொண்டு நகர்ந்தது, நிமிர்ந்த சைலன்ஸரிலிருந்து கட்டியாகக் கரும்புகை. அவன் மேலேயிருந்து ஓட்டுநரின் தோளைத் தட்டி ஏதோ கத்தினான். எங்களுக்குக் கேட்டது கடைசி வார்த்தை மட்டும்: "ஏர் ஃபில்டருண்ணே!"

நாங்கள் செஞ்சிப் பக்கம் திரும்பினோம்.